உங்களை முதன்முதலில் ஒருவர் 'டாக்டர்' என்று கூப்பிடும்போது: எம்.பி.பி.எஸ். புதியவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வாரம். புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓ.பி. சீட்டும் எக்ஸ்ரே கவருமாக ஒரு பெரியவர் குறுக்கே வந்து, "டாக்டரய்யா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மேல்கை எலும்பின் பெயரும் அதன் இரண்டு மூன்று மேடு பள்ளங்களும்தான். ஆனாலும் படத்தை வாங்கினேன், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பாடம் தலைக்குள் ஏறுவதற்கு முன்பே கோட்டு உடம்பில் ஏறிவிடுகிறது. அந்த இடைவெளியில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, பிற்காலத்தில் அப்படிப்பட்ட மருத்துவராகத்தான் ஆகிறோம் என்பது என் உறுதியான எண்ணம். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் மருத்துவத் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்ட முடியும், உண்மையிலேயே செய்கிறார். 2016-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் குரூஸ், சில்வியா குரூஸ், இவோன் ஸ்டைனர்ட் மூவரும் அதன் உச்சியில் ஐந்தாவதாக ஒரு படி வைத்தார்கள்: மருத்துவராகவே இருக்கிறார். முதல் நான்கு படிகளுக்கும் தேர்வு உண்டு. ஐந்தாவதற்கு யாரும் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள், அதை நாமே கவனித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நாலரை வருடப் படிப்பும் சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஒரு வருடக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவன் என்ற முறையில், எந்தக் கட்டத்தில் எதைச் செய்யலாம் என்று எழுதுகிறேன்.

முதல் வாரம்: ஒரு அறிமுக வாக்கியம்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஹாஸ்டல் அறையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

"வணக்கம்மா. என் பேரு இன்னார். நான் இங்க டாக்டருக்குப் படிக்கிற ஸ்டூடண்ட். உங்க உடம்பைப் பத்திக் கொஞ்சம் கேக்கலாமா? வேணாம்னா பரவாயில்ல, உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது."

கடைசி வரிதான் முக்கியம். அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவர், மாணவனிடம் முடியாது என்று சொன்னால் ஊசி மருந்து நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார். அதனால்தான் ஒரே வயிற்றை இருபது பேர் வந்து அழுத்திப் பார்த்தாலும் வாய் திறக்காமல் படுத்திருக்கிறார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டுக் கேட்டால்தான் அவர் சொல்லும் 'சரி' உண்மையான சரி. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயோடு தானே படுக்கையில் கிடந்தபோது, தன்னைப் பார்க்க வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013-இல் அவர் தொடங்கிய இயக்கம், பெயரைச் சொல்லித் தொடங்குங்கள் என்ற இந்த ஒன்றைத்தான் கேட்டது.

எக்ஸ்ரே பெரியவர் மாதிரி யாராவது வழிமறித்தால்? "ஐயா, நான் இப்பத்தான் படிக்க வந்திருக்கேன், எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? வாங்க, அந்த ரூமைக் காட்டுறேன்." இவ்வளவு சொன்னால் போதும். அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும், நீங்களும் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டிஸெக்ஷன் ஹால்

இறந்தவர்களின் உடலை அறுத்துப் படிக்கும் இடம் இது. உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் கண்ணில் எரியும். இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் போகலாம், அல்லது எதுவுமே தோன்றாமலும் போகலாம். இரண்டும் இயல்புதான். "எனக்கு ஒண்ணுமே ஆகல" என்று காட்டிக்கொள்ளும் போட்டி ஒன்று பேட்ச்சுக்குள் நடக்கும், அதில் சேராதீர்கள்.

எங்கள் மேசையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கலாம். முன்கையில் தோலைப் பிரிக்கத் தொடங்கிய அன்றைக்குத்தான் அங்கே பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தோம். மங்கிய நீல எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர், கீழே ஒரு சின்னப் பூ. கத்தி என் கையில் இருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மேசைக்கு வந்த மேடம் அதைப் பார்த்துவிட்டு, "அந்த இடத்தைத் தனியா ஒரு மடிப்பா எடுத்து, முடிஞ்சதும் திரும்ப மூடி வைங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்த ஒரு வரியில் நான் கற்றது அதிகம்.

இந்த உடல்களில் சில, உயிரோடு இருந்தபோதே எழுதிக்கொடுத்தவர்களுடையவை. மற்றவை 1951-ஆம் வருடத்து உடற்கூறு சட்டத்தின்படி கேட்பாரற்ற நிலையில் வந்தவை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனால் சில விதிகளை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள். பட்டப்பெயர் வைக்காதீர்கள். அன்றைக்கு வேலை இல்லாத பகுதியைத் துணியால் மூடியே வையுங்கள். எடுத்த திசுக்களை அதற்கென்று உள்ள தொட்டியில் மட்டும் போடுங்கள். முதல் நாள் எடுக்கும் உறுதிமொழியை மற்றவர்களோடு சேர்ந்து முணுமுணுத்து முடித்துவிடாமல், என்ன சொல்கிறோம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரு நாள் வரிசையில்

2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்று ஒரு பகுதி உண்டு: மனப்பான்மை, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை. பலர் அதை அட்டெண்டன்ஸுக்காக உட்காரும் வகுப்பாக நினைக்கிறார்கள், அது பெரிய இழப்பு. அதன் முதல் கேள்வியே மருத்துவராக இருப்பது என்றால் என்ன என்பதுதான். அடுத்த கேள்வி, நோயாளியாக இருப்பது என்றால் என்ன.

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லும் பயிற்சி இது. ஒரு காலை, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சம்மதிக்கும் ஒரு நோயாளியோடு சீட்டு வாங்கும் இடத்திலிருந்து மாத்திரை வாங்கும் ஜன்னல் வரை கூடவே போங்கள். முழங்கால் வலியோடு வந்த ஒரு பாட்டியோடு நான் போனேன். ஏழரைக்கு வரிசை. பத்தேகாலுக்கு டாக்டர், மூன்று நிமிடம். எக்ஸ்ரே எடுக்க வேறு கட்டடம், அதுவும் மாடியில். படம் வந்தபோது ஓ.பி. முடிந்துவிட்டது, நாளைக்கு வரச் சொன்னார்கள். "நாளைக்கும் வேலைக்கு லீவு சொல்லணுமா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். சொன்ன தேதிக்கு வராத நோயாளியை அலட்சியம் என்று எழுதுவதற்கு முன் எனக்கு இன்றும் அந்தப் பாட்டியின் முழங்கால் ஞாபகம் வரும்.

புதிய பாடத்திட்டத்தில் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் இருக்கிறது. பி.பி. கருவியோடு போய் லாக் புக்கை நிரப்பிவிட்டு வராதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, இந்த மாதம் மாத்திரை எத்தனை மிச்சம், ஏன் மிச்சம் என்று கேளுங்கள். பதில் வகுப்பில் கிடைக்காத பாடமாக இருக்கும்.

இரண்டு மொழி

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு, அதிலும் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் வழியாக அரசுப் பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாண்டில் ஆங்கிலம் உங்களை நசுக்கும். நமக்கு இந்த இடம் பொருந்தாதோ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆறேழு மாதத்தில் புத்தக ஆங்கிலம் பழகிவிடும், அது ஒரு குறுகிய மொழிதான். அதன் பிறகு வார்டுக்குப் போவீர்கள். அங்கே நிலைமை தலைகீழாகும்.

"நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சை அடைக்குது" என்பதும் ஒன்றல்ல. முதலாமவருக்குப் பெரும்பாலும் இரைப்பை அமிலம், இரண்டாமவருக்கு உடனே ஈ.சி.ஜி. "கிறுகிறுன்னு வருது" என்பவருக்கு உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். "நீர்க்கடுப்பு", "வாய்வுப் பிடிப்பு", "குத்தல் குடைச்சல்" ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. மகப்பேறு ஓ.பி.யில் "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டால் மாதவிடாயைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் புரியும், ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் முழிப்பார். ஊருக்கு ஊர் சொல் மாறும். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு நோயாளிகள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் அது எந்த நோயாக முடிந்தது என்றும் குறியுங்கள். என்னிடம் இருந்த பொருள்களிலேயே பயிற்சிக் காலத்தில் அதிகம் உதவியது அந்த நோட்டுதான்.

19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழி மருத்துவத்துக்குப் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வார்டு: யாரைப் பார்த்து வளர்கிறீர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பகுதி. போஸ்டிங் தொடங்கிய பிறகு உங்களை உருவாக்குவது லெக்சர் ஹால் அல்ல, யூனிட், அதாவது ஒரு சீஃபின் கீழ் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர் குழு. சீஃப் எப்படிப் பேசுகிறார், ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) யாரைத் திட்டுகிறார், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அண்ணா எதை எழுதாமல் விடுகிறார் என்பதெல்லாம் கண் வழியாகவே உள்ளே போய்விடும். ஃபிரெட்ரிக் ஹாஃபர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1990-களில் இதை மறைமுகப் பாடத்திட்டம் என்று விளக்கினார். எழுதி வைத்த பாடம் நோயாளியை மதி என்று சொல்லும். ரவுண்ட்ஸில் '14-ஆம் பெட் லிவர் கேஸ்' என்று கேட்டுக் கேட்டு, மூன்றாவது வாரத்தில் உங்கள் வாயும் அதையே சொல்லும். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மாணவர்களின் பரிவு சரிவது மூன்றாம் ஆண்டில் என்று அது காட்டியது. அவர்கள் உண்மையான நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் ஆண்டு அது.

ஆகவே வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டு வரி எழுதுங்கள். இந்த வாரம் பார்த்ததில் எதை நான் எடுத்துக்கொள்வேன்? எதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன்? பெயர்கள் வேண்டாம். நோட்டு தொலைந்தாலும் யாருக்கும் கேடு வரக்கூடாது.

என் நோட்டிலிருந்து ஒன்று. ஒரு சீஃப் ஸ்டெத்தை நோயாளியின் மார்பில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார். மார்கழிக் காலை ரவுண்ட்ஸில், முப்பது நோயாளிகளுக்கும் முப்பது தடவை. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித் தேய்க்கிறோம். இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: பிரசவ வார்டில் வலியில் கத்திய ஒரு பெண்ணை, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் ஒருவர் திட்டியது. அவர் கைத்திறனில் மிகச் சிறந்தவர். தையல் போடும் விதத்தை அவரிடம்தான் கற்றேன். ஒரே மனிதரிடம் கையை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிடலாம் என்பது எனக்கு அப்போது தெரிய வந்தது. யாரையும் முழுதாகக் கும்பிடவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம்.

அநியாயம் நடக்கும்போது மாணவன் என்ன செய்ய முடியும்? சீஃபை எதிர்த்துப் பேசு என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. ஆனால் ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்தப் படுக்கைக்குத் திரும்பிப் போகலாம். "அம்மா, அவர் சொன்னது புரிஞ்சுதா? நான் திரும்பச் சொல்லட்டுமா?" என்று இரண்டு நிமிடம் நிற்கலாம். உங்களைத் தடுக்க யாரும் இல்லை. நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காமல் நம்பகமான பி.ஜி.யிடமோ ஏ.பி.யிடமோ உடனே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்களிடம் படியுங்கள். இருபது வருடம் ஒரே வார்டில் இருக்கும் சிஸ்டர், நோயாளியின் முகத்தைப் பார்த்தே "இவருக்கு ஏதோ சரியில்லை, வந்து பாருங்க சார்" என்பார். ஓடிப் போங்கள். நான் போட்ட முதல் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றப் போடும் குழாய் ஊசி) சரியாக ஏறியதே ஒரு சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததால்தான். மாணவிகளுக்கு ஒன்று: கோட்டும் ஸ்டெத்தும் போட்டிருந்தாலும் உங்களை 'சிஸ்டர்' என்றும், பக்கத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்கும் பையனை 'டாக்டர்' என்றும் கூப்பிடுவார்கள். வருடக்கணக்கில் இது நடக்கும், வலிக்கும். "நான் டாக்டருக்குப் படிக்கிறேன்மா, சொல்லுங்க" என்று ஒவ்வொரு முறையும் அமைதியாகத் திருத்துங்கள். நர்ஸ் என்பது குறைந்த சொல் என்ற தொனி மட்டும் வந்துவிட வேண்டாம். கூட நிற்கும் பையன்களே, திருத்தும் வேலையை நீங்களும் செய்யுங்கள்.

சி.ஆர்.ஆர்.ஐ.: 120/80

தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டு ஹவுஸ் சர்ஜனாக நுழைகிறீர்கள். இரவு இரண்டு மணி. நாற்பது நோயாளிகளுக்கு பி.பி., நாடி பார்த்து எழுத வேண்டும். இருப்பது ஒரு பி.பி. கருவி, அதுவும் அடுத்த வார்டுக்குப் போயிருக்கிறது. எல்லா சார்ட்டிலும் 120/80, 82 என்று எழுதிவிட்டுப் படுக்கப் போகலாம் என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லும். கூட இருப்பவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பார்.

எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மறுநாள் காலை அந்த சார்ட்டைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று பி.ஜி. யோசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். திட்டினார், பிறகு அவரே வந்து மறுபடி அளந்தார். நேரம் இல்லையென்றால் மோசமாக இருக்கும் பத்துப் பேருக்கு மட்டும் உண்மையாகப் பாருங்கள். மற்ற இடத்தைக் காலியாக விட்டு, பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். திட்டு விழட்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கை ஒரு முறை பழகிவிட்டால், பின்னால் எந்தப் பட்டமும் அதைச் சரி செய்யாது.

இதே மாதிரி இன்னொன்று, தெரியாதபோது கூப்பிடுவது. "தூங்குற பி.ஜி.யை எப்படி எழுப்புறது" என்று யோசிக்காதீர்கள். பெயர், வயது, எதற்காக அட்மிட் ஆனார், இப்போது என்ன மாறியிருக்கிறது, எனக்கு என்ன சந்தேகம் என்ற வரிசையில் முப்பது நொடியில் சொல்லப் பழகிக்கொண்டால் எரிச்சல்படுகிறவர்கள்கூட எழுந்து வருவார்கள். பயிற்சி மருத்துவர் தன் கையெழுத்தில் மருத்துவச் சான்றிதழோ, இறப்புச் சான்றிதழோ, காவல்துறை வழக்கு சம்பந்தப்பட்ட ஆவணமோ தரக்கூடாது என்பது விதி. அவசரத்தில் யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் மரணம்

நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் டியூட்டியில் இறப்பார். உறவினர்களிடம் செய்தி சொல்வது மூத்தவரின் வேலை, ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பாருங்கள். ஹூஸ்டன் புற்றுநோய் மருத்துவர்கள் 2000-இல் கெட்ட செய்தி சொல்வதற்கு ஆறு படிகள் வகுத்தார்கள்: இடத்தைத் தயார் செய், அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிய விரும்புகிறார்கள் என்று கேள், சொல், அழ விடு, அடுத்து என்ன என்று பேசு. நம் வார்டில் தனி அறை கிடைக்காது. வராந்தாவின் ஓரம் கிடைக்கும், ஒரு பெஞ்ச் கிடைக்கும். உட்கார வைத்துச் சொன்னாலே பாதி வித்தியாசம். "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்று சொல்லாதீர்கள், பலருக்குப் புரியாது, புரியாமல் "எப்போ கண் முழிப்பாரு?" என்று கேட்பார்கள். "உங்க அப்பா தவறிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே காரணங்களை அடுக்க வேண்டாம்.

அன்றிரவு யாரிடமாவது பேசுங்கள். உலக மருத்துவச் சங்கம் 1948-இல் உருவாக்கிய ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தன் ஆரோக்கியத்தையும் நல்வாழ்வையும் பார்த்துக்கொள்வதும் கடமை என்று 2017-இல் சேர்த்தார்கள். அதுவரை அந்த வரி அதில் இல்லை. நண்பர்களிடம் பேச முடியாதபோது அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது. ராகிங் என்றால் 1800-180-5522. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

வீட்டில்

முதலாண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனதுமே சித்தப்பா சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுவார். "இன்னும் அந்தப் பாடம் வரல சித்தப்பா, எங்க காட்டலாம்னு விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி, நிஜமாகவே விசாரித்துச் சொல்லுங்கள். மாத்திரை பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மருத்துவம் படிக்காத பழைய நண்பர்களை விட்டுவிடாதீர்கள். நம்மைப் பட்டமில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் வேண்டும்.

நிரந்தரப் பதிவு எண் வந்த பிறகு

சீல் செய்யக் கொடுப்பீர்கள், பெயருக்குக் கீழே எண்ணோடு. முதல் மருந்துச் சீட்டை எழுதும்போது கம்பெனி வைத்த பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரை, படிக்க முடிகிற கேப்பிடல் எழுத்தில் எழுதுங்கள். 2016 முதல் மருத்துவ அறநெறி விதியே அப்படித்தான் சொல்கிறது. 1-0-1 என்பது உங்களுக்குத்தான் புரியும். மாத்திரைக் கவரின் மேல் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவர் என்றால் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து கொடுங்கள். கையில் கொடுத்த பிறகு, "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு உங்களுடையது. மறுபடி சொல்லிக்கொடுங்கள்.